சூசை வீரன் செத்த செய்யுள்

“மறைவு தேதி சொல்லுங்கம்மா” என்றார் தாஸ், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

உப்பளம் கல்லறைக்குப் போகிற வழியில் இருக்கும் கல் கடை அது. இப்போதெல்லாம் உளியும் இல்லை, சுத்தியும் இல்லை. எழுத்தைக் கம்ப்யூட்டரில் அடித்து, ஸ்டிக்கராக வெட்டி, கறுப்புக் கிரானைட்டில் ஒட்டி, மெஷினை வைத்து மணலைப் பீய்ச்சுகிறார்கள். ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. தரையில் கிடந்த கல் தூளெல்லாம் சேறாகி என் செருப்பைப் பிடித்து இழுத்தது.

மர்த்தீன் கைப்பையைத் திறந்தாள், உள்ளே எதையோ தேடினாள், மறுபடி மூடினாள்.

“தேதி இல்ல” என்றாள்.

“இல்லன்னா?”

“எங்கப்பா செத்துட்டாருன்னு யாரும் எழுதிக் குடுக்கல.”

தாஸ் நாற்காலியைத் திருப்பி எங்கள் இருவரையும் பார்த்தார். நல்ல மனிதர். குரலைத் தணித்துக்கொண்டுதான் சொன்னார்: “தோற்றம்னு போட்டா மறைவுன்னும் போடணும்மா. ஒண்ண மட்டும் போட்டா, உசுரோட இருக்கிறவருக்குக் கல்லு வச்ச மாதிரி ஆயிடும். யாரும் அப்படி வைக்கிறதில்ல.”

எனக்கு வழக்கம்போல வாய் சும்மா இருக்கவில்லை. “கேள்விக்குறி போட்டுடுங்க” என்றேன். மர்த்தீன் என்னை முறைத்த முறைப்பில் மேற்கொண்டு பேசாமல் வாயை மூடிக்கொண்டேன்.

காத்திருந்தவள்

மர்த்தீன் யாரென்று சொல்லிவிடுகிறேன். நெல்லித்தோப்பில் எனக்கு மூன்றாவது வீடு. ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் படித்தோம். அப்புறம் நான் தமிழ் டீச்சரானேன், அவள் கல்யாணமாகி பிரான்சுக்குப் போனாள். கணவர் போய்ச் சேர்ந்ததும், பிள்ளைகளை அங்கேயே விட்டுவிட்டு, அம்மா இருந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள்.

அவளுடைய அப்பா சூசை, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் சிப்பாய் என்று சொல்ல மாட்டோம், சொல்தா என்றுதான் சொல்வோம். இந்தோசீனாச் சண்டைக்குக் கப்பல் ஏறிப் போனபோது மர்த்தீன் அம்மாவின் வயிற்றில் இருந்தாள். சூசை திரும்பவில்லை. ‘காணவில்லை’ என்று ஒரு தகவல் மட்டும் வந்தது.

காணாமல் போனவரை இறந்தவராக அறிவிக்கக் கோர்ட்டில் மனுப் போடலாம் என்று பலரும் சொன்னார்கள். மர்த்தீனின் அம்மா போடவே இல்லை. “நானே எம் புருஷன் செத்துட்டான்னு கையெழுத்துப் போடணுமா?” என்று கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்? சாகிற வரைக்கும் கலர்ப் புடவைதான் கட்டினார்கள்.

அதனால், கடற்கரை நினைவுச் சின்னத்தில் நவம்பர் பதினொன்றாம் தேதி பெயர்களை வாசிக்கும்போது சூசையின் பெயர் வராது. ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் ‘மோர் பூர் லா பிரான்ஸ்’ என்று பதில் சொல்லும். பிரான்சுக்காக இறந்தார் என்று அர்த்தம். இறந்ததாகவே ஆகாதவருக்கு அந்தப் பதில் எப்படிக் கிடைக்கும்?

சூசை செத்ததாக ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது. அது ஒரு பாட்டு.

யானையும் அன்னமும்

அந்தச் சண்டையில் நம்மூர் ஆட்கள் போன படை சின்னாபின்னமானது. பின்வாங்கி ஓடும்போது குறுக்கே ஓர் ஆறு. பாலம் இல்லை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீந்திக் கடந்தார்கள். கடந்தவர்கள் கொஞ்சம் பேர். அவர்களிலும் நாலைந்து பேர்தான் ஊர் வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களைக் கேட்டுக் கேட்டு, நெல்லித்தோப்பு வாத்தியார் ஒருவர் ஐம்பது அறுபது செய்யுள் பாடி, சின்னப் புத்தகமாக அச்சும் போட்டார்.

அந்தப் பாட்டை நான் வாழ்நாள் முழுக்கத் திட்டியிருக்கிறேன். வாத்தியார் விழுப்புரத்தைத் தாண்டிப் போனவரில்லை போலிருக்கிறது. அவருடைய இந்தோசீனாவில் தாமரைக் குளம் இருக்கிறது, குளத்தில் அன்னம் நீந்துகிறது. எதிரிப் படையில் யானை வருகிறது. கோட்டை மதில்கூட உண்டு! உயிர் பிழைத்தால் போதும் என்று விழுந்தடித்து ஓடியதை ‘ஆற்றினைக் கடந்து’ என்று அழகாகச் சொல்லிவிட்டார். ஏதோ அமாவாசைக்குத் தலை முழுகப் போன மாதிரி.

மர்த்தீனின் அப்பாவுக்கு அதில் ஒரு முழுச் செய்யுள்:

*ஆற்றினைக் கடந்து தோழர் அக்கரை ஏறு மட்டும்*
*கூற்றுவன் ஏவி விட்ட குண்டுகள் மார்பில் ஏந்தி*
*ஏற்றிய கொடியைப் போல இக்கரை தன்னில் நின்றான்;*
*காற்றினில் கலந்தான் எங்கள் காளையாம் சூசை வீரன்.*

யாப்பில் குறை சொல்ல முடியாது. எதுகை, மோனை எல்லாம் கச்சிதம். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். இவ்வளவு நன்றாக எழுதத் தெரிந்த மனுஷன் ஏன் இப்படிப் புளுகினார் என்று.

ஒரு பக்கம் வாத்தியாரையும் குற்றம் சொல்ல முடியாதுதான். நம் இலக்கணத்தில் ஆநிரை கவர்ந்தவனுக்குப் பூ உண்டு. மதிலை வளைத்தவனுக்கு உண்டு, காத்தவனுக்கும் உண்டு. வென்றவனுக்கு வாகை இருக்கவே இருக்கிறது. தோற்று ஓடியவனுக்கு எந்தப் பூவும் கிடையாது. வகுப்பில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள், “ஓடுனவங்க என்ன சூடுவாங்க டீச்சர்?” என்று. உட்கார் என்றேன். வேறென்ன சொல்ல?

எழுந்து போகிறவர்

நவம்பர் பதினொன்றில் நினைவுச் சின்ன நிகழ்ச்சி முடிந்ததும் பழைய சொல்தா குடும்பங்கள் சேர்ந்து ஒரு மண்டபத்தில் சாப்பிடுவது வழக்கம். சாப்பாட்டுக்கு முன்னால் அந்தப் பாட்டைப் பாடுவார்கள். அப்பாவின் செய்யுளை மர்த்தீன்தான் பாடுவாள். அவளுக்குக் குரல் உண்டு. பிரியாணி வாசனையில் பிள்ளைகள் நெளிந்துகொண்டிருக்கும் அந்த மண்டபத்தில்கூட, அவள் ஆரம்பித்தால் ஒரு நிமிஷம் எல்லாம் அடங்கிவிடும்.

அப்போது ஒருவர் மட்டும் எழுந்து வெளியே போவார். அந்துவான். சூசையோடு ஒரே கப்பலில் போய்த் திரும்பி வந்தவர். மர்த்தீன் ‘ஆற்றினை’ என்று எடுத்ததும் அவருடைய நாற்காலி கிறீச்சென்று நகரும். பாட்டெல்லாம் முடிந்து இலை போட்ட பிறகுதான் உள்ளே வருவார்.

மர்த்தீன் சின்ன வயதில் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டாள். இது வருஷா வருஷம் நடக்கவும், ‘அந்த ஆளு’ ஆகிவிட்டார். “எங்கப்பா நின்னாரு, இந்த ஆளு ஓடியாந்தான். காதால கேக்க முடியல, அதான் எழுந்து போறான்” என்பாள். பேச்சே நின்றுபோயிற்று. கால் வீங்கி நடமாட்டம் குறைந்த பிறகு அவரும் மண்டபத்துக்கு வருவதில்லை.

திரும்பி வந்தவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பது அவர் மட்டும்தான். அம்மாவின் கல்லறையில் அப்பாவின் பெயரையும் பொறித்து, கல்லறைத் திருநாளுக்குள் வைத்துவிட வேண்டும் என்பது மர்த்தீனின் ஆசை. “எனக்கும் வயசாயிடுச்சு சரசு. நான் போயிட்டா அப்பாவை அடக்கம் பண்ண ஆள் இல்ல” என்றாள். உடம்பே இல்லாதவரை எழுத்தாலாவது அடக்கம் பண்ண நினைத்தாள். அதற்குத் தேதி வேண்டும். தேதி வேண்டுமென்றால் அந்த ஆளிடம்தான் போக வேண்டும்.

அரியாங்குப்பத்தில்

பஸ்ஸில் போனோம். பாலத்துக்குக் கீழே ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. மர்த்தீன் ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை.

அந்துவானின் மருமகள் கதவைத் திறந்து, “சத்தமாப் பேசணும், காது கேக்காது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காப்பியில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். சத்தமில்லாமல் டி.வி. ஓடியது.

“சூசையோட பொண்ணு!” என்று மர்த்தீன் கத்தினாள்.

ரொட்டியை மெல்லத் தட்டில் வைத்தார். “எதுக்கு வந்த?”

“எங்கப்பா செத்த தேதி வேணும்.”

“எனக்குத் தெரியாது.”

“கூட இருந்தீங்களே!”

“கூட இருந்தேன். சாவும்போது இல்ல.”

மர்த்தீன் உட்கார்ந்துவிட்டாள். அவரும் நிறுத்தவில்லை. யாராவது வந்து கேட்கட்டும் என்று இருந்தவர் மாதிரி பேசினார்.

“அன்னிக்குச் சாம்பல் புதன். காத்தாலதான் சாமியாரு நெத்தியில சாம்பல் பூசிவிட்டாரு. மத்தியானம் ஓட்டம். யாரு சுடுறான், எங்கேர்ந்து சுடுறான், ஒண்ணும் தெரியல. ஆபீசரு எங்கன்னே தெரியல. நான் துப்பாக்கியக் கடாசிட்டு ஓடினேன். உங்கப்பன் எனக்கு முன்னாடி ஓடிக்கினு இருந்தான். நல்லா ஓடுவான்.”

“அப்பா ஓடினாரா?”

“எல்லாரும்தான் ஓடினோம். தொடையில பட்டுச்சு அவனுக்கு.”

“மார்புலன்னு…”

“பின்தொடையில. ஓடுறவனுக்கு வேற எங்க படும்?”

அவரும் இன்னொருவரும் சூசையை இழுத்துப்போய் ஒரு மூங்கில் புதருக்குள் படுக்க வைத்தார்கள். ஆற்றங்கரை கூப்பிடு தூரம்தான். ஆனால் அவரைத் தூக்கிக்கொண்டு கயிற்றைப் பிடிக்க முடியாது. அந்துவான் தன்னுடைய பிதோனைப் பக்கத்தில் வைத்தார். பட்டாளத்துத் தண்ணீர்க் குப்பியைப் பிதோன் என்பார்கள். வந்துவிடுகிறோம் என்று சொன்னார்கள். யாரும் திரும்பிப் போகவில்லை.

“கை நடுங்குதுடா, மூடியத் தொறந்து வச்சிட்டுப் போன்னான். அதான் கடைசியாச் சொன்னது.”

அவருடைய வாய் கொஞ்ச நேரம் சும்மா அசைந்தது.

“தொறந்து வச்சேனா இல்லையான்னு ஞாபகம் இல்ல. எத்தினி வருஷமா ரோசன பண்றேன். மூடியத் தொட்டது தெரியுது. அதுக்கப்புறம் ஆத்துல இருக்கேன்.”

வாத்தியார் கேட்டது

நான்தான் கேட்டேன். இதை அந்த வாத்தியாரிடம் சொல்லவில்லையா என்று. இரண்டு தடவை கத்தின பிறகு காதில் விழுந்தது.

“அவர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேனே! மூடியத் தவிர எல்லாம் சொன்னேன். பின்தொடையிலன்னு சொன்னதும் எழுதுறத நிறுத்திட்டாரு. அப்புறம் என்னாச்சுன்னாரு. தெரியாதுங்க, விட்டுட்டு வந்துட்டோம்னேன். செய்யுள முடிக்கணுமேப்பா, அந்த வீட்டுல கைப்புள்ளக்காரி இருக்காளேன்னாரு. மறுநாளு படிச்சுக் காட்டினாரு. சூசை நிக்கிறான்! மார்புல வாங்கறான்! நான் எழுந்து வெளிய போயிட்டேன். அன்னியிலேர்ந்து அந்தச் செய்யுளுக்கு மேல நான் கேட்டதே இல்ல.”

என் காலம் முழுக்க வாத்தியாரைப் புளுகர் என்று ஏசியவள் நான். மற்றவர்கள் விட்டுவிட்டு வந்தவனைத்தான் அவர் நின்றவனாக ஆக்கியிருக்கிறார். அவ்வளவுதான் அவர் செய்த வேலை.

அந்துவான் மர்த்தீனையே பார்த்துக்கொண்டிருந்தார். “தொறந்து வச்சிருப்பேனா?” என்று அவளிடம் கேட்டார். சும்மா ஒப்புக்குக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிக் கேட்டார்.

மர்த்தீன் எழுந்து குடையை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டாள்.

ஓர் அடியில்

பஸ் நிறுத்தத்தில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அந்த மனுஷன் எத்தனை நாள் இருக்கப் போறாரு? திறந்துதான் வச்சிருப்பீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னடி?”

பஸ் வந்தது, ஏறினோம். எனக்கும் மனசு கேட்காமல் வேறு பக்கமாக ஆரம்பித்தேன். அந்தச் செய்யுளைக் கல்லில் போட வேண்டாம், பெயரும் ‘போர்க்களத்தில் காணாமல் போனார்’ என்ற ஒரு வரியும் போதும், பொய்யை எதற்குக் கிரானைட்டில் பொறிக்க வேண்டும் என்றேன். கிழவருக்கு ஒரு பொய் சொல்லேன் என்று இப்போதுதான் அவளை அதட்டினேன். கல்லுக்கு மட்டும் உண்மை கேட்கிறேன். என் புத்தி அந்த லட்சணத்தில் இருந்தது.

மர்த்தீன் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“பாட்டுல அப்பா ஒரு அடியில செத்துட்டாருடி. வலிக்கல, ஒண்ணும் இல்ல. காத்துல கலந்துட்டாரு. இப்ப இந்த ஆளு சொன்னதுலேர்ந்து அவரு சாகவே மாட்டேங்கிறாரு. படுத்துக்கினே இருக்காரு. இருட்டுது, விடியுது, அப்பவும் படுத்துக்கினு இருக்காரு. யாராச்சும் வருவாங்கன்னு பாக்கறாரு. எனக்கு எழுபது வயசு ஆச்சு, எங்கப்பாவுக்குத் தண்ணி குடுக்க ஆள் இல்ல.”

பஸ்ஸில் யாரோ பாட்டு வைத்திருந்தார்கள். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். வேறெதுவும் செய்யத் தெரியவில்லை.

மறுநாள் அவளே என்னைக் கல் கடைக்கு இழுத்துப் போனாள். “மறைவு, சாம்பல் புதன்” என்றாள் தாஸிடம். வருஷத்தையும் சொன்னாள். “அன்னிக்கே.” செய்யுளை முழுசாகப் போடச் சொன்னாள். எழுத்து பொடியாகிவிடும் என்று தாஸ் இழுத்தார். பொடியானால் ஆகட்டும் என்றாள். என்னைப் பிழை பார்க்கச் சொன்னார்கள். ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.

கல்லறைத் திருநாள்

அன்று காலையிலிருந்தே தூறல். ஆனாலும் உப்பளத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. புதுச் சுண்ணாம்பு வாசனை, சாமந்தி, நனைந்த மெழுகுவத்தி. திரியை ஏற்றுவதும் அணைவதும் மறுபடி ஏற்றுவதுமாக ஒவ்வொரு குடும்பமும் குனிந்திருந்தது. அம்மாவின் பெயருக்குக் கீழே சூசையின் பெயர் இருந்தது. அதன் கீழே நாலு வரி. கண்ணாடி போட்டால்தான் படிக்க முடியும்.

மர்த்தீன் குடைக்குள் நின்று ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாள். படித்து முடித்ததும் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். போனை எடுத்தாள்.

“அவரு காதுல வைம்மா” என்றாள். அரியாங்குப்பத்து மருமகளிடம்தான்.

பிறகு கத்தினாள். “மூடி தொறந்துதான் இருந்துச்சு!”

பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பினார்கள். அந்தப் பக்கம் கேட்கவில்லை போலும். மறுபடியும் கத்தினாள். “பிதோன் மூடி! தொறந்துதான் இருந்துச்சு! அப்பா தண்ணி குடிச்சிட்டுத்தான் செத்தாரு!”

ஸ்பீக்கரில் கிழவரின் குரல் கரகரத்தது. “யாரு சொன்னது?”

“பாட்டுல இருக்கு!”

“பாட்டுலயா?”

“ஆமா. அப்பா செய்யுளுக்கு அடுத்த செய்யுள். நீங்கதான் எழுந்து போயிடுவீங்களே, சித்தப்பா!”

போன் நின்றுவிட்டதோ என்று மர்த்தீன் அதைப் பார்த்தாள்.

“பாடு” என்றார் அவர்.

மர்த்தீன் போனைப் புடவையில் அழுத்திப் பொத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்படியொரு செய்யுள் இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவளுடைய முகத்தில் மழையா கண்ணீரா என்று எனக்குத் தெரியவில்லை.

“நீ தமிழ் டீச்சர்தானே?” என்றாள். “குடுடி.”

நான் ஆயுளில் ஒரு செய்யுள் எழுதியவள் இல்லை. பிழை பார்த்தே பிழைத்தவள். ஆனால் அந்தச் சந்தம் காதில் ஊறிப்போனது. வாத்தியாருடைய அன்னமும் யானையும் அதே சந்தத்தில்தான் வந்தன. குனிந்து அவள் காதில் ஓர் அடி சொன்னேன். அவள் அந்த ராகத்திலேயே, அப்பாவின் செய்யுளை எடுக்கிற அதே உயரத்தில் பாடினாள்.

*மூடியைத் திறந்து வைத்தான் மூங்கிலின் நிழலில் தோழன்…*

அடுத்த அடிக்கு நான் தடுமாறிக்கொண்டிருந்தேன்.

“போதும்மா” என்றார் கிழவர்.